உதயகிரி கோட்டைல கல்லறை பாக்க வாறவங்களுக்கு

நம்ம குரூப்போட அடுத்த நடை புலியூர்குறிச்சி உதயகிரி கோட்டை, அங்க இருக்க டிலனாய் கல்லறை. டிலனாய்னா குளச்சல் போர்ல பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி. முதல் தடவ வாறவங்க இத ஒருக்கா வாசிச்சிட்டு வாங்க.

காலைலயே வந்துருங்க. வெயிலுக்காக மட்டும் சொல்லல, வெளிச்சம் சாஞ்சு விழுந்தாதான் கல்லுல வெட்டுன எழுத்து எந்திரிச்சு நிக்கும், உச்சி வெயில்ல பாத்தா வெறும் கல்லுதான். கல்லறை இருக்க இடிஞ்ச கோயிலோட சுவரு நிழல் விழுற பக்கம் டார்ச்ச கல்லுக்கு ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, நேருக்கு நேர் அடிச்சா ஒண்ணும் தெரியாது பாத்துக்கிடுங்க. சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவக்கூடாது, பேப்பர் வச்சு பென்சிலால தேய்க்கவும் வேண்டாம், மேல கிடக்க சருக கையால தள்ளிட்டு போட்டோ எடுத்தா போதும்.

போனதும் எல்லாரும் 1741 குளச்சல் போர், பிடிபட்ட டச்சுக்காரன், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன், டிலனாயத்தான் அப்படிச் சொல்லுவாங்க)னு கத சொல்ல ஆரம்பிச்சிருவாங்க, நல்ல கததான், ஆனா முதல்ல கல்ல வாசிக்க விடுங்க. லத்தீன்லயும் இருக்கு, தமிழ்லயும் இருக்கு. லத்தீன் "வழிப்போக்கனே, நில்லு"ன்னுதான் தொடங்கும், கிட்டத்தட்ட 37 வருஷம் ராஜாவுக்கு உண்மையா உழைச்சான், காயங்குளத்துல இருந்து கொச்சி வரைக்கும் அடக்கிக் கொடுத்தான், 62 வயசு 5 மாசத்துல 1777 ஜூன் 1ல செத்தான்னு போகும். பிறந்தது எப்போன்னு பிள்ளைங்கள கழிச்சுப் பாக்கச் சொல்லுங்க, பிறகு புத்தகத்துல போட்டிருக்கதோட ஒத்துப் பாக்கலாம்.

அங்கேருந்து நேரா கோட்டாறு சவேரியார் கோயில். டிலனாய் வழியா ஞானஸ்நானத்துக்கு வந்து 1752ல காற்றாடிமலைல சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையோட கல்லறை அங்கதான், 2022ல புனிதர் பட்டமும் கெடச்சிட்டு. இது கோட்டை மாதிரி இல்ல, ஆளுங்க தினம் வந்து முட்டுப்போட்டு ஜெபிக்கிற இடம். பூசை நேரம் பாத்து, சாமியார்ட்ட முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க, கூட்டமா நின்னு சத்தமா விளக்கம் சொல்லாதீங்க. எந்தக் கல்லறைத் தோட்டமா இருந்தாலும் அடக்கம் நடந்துட்டிருந்தா கேமராவ பைக்குள்ள போட்டுட்டு வெளிய நில்லுங்க. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு நடை வைக்கவே வேண்டாம், அன்னைக்கு மெழுகுதிரியும் பூவுமா வீட்டாளுங்க வருவாங்க, நாம இடைஞ்சல்.

பத்மநாபபுரம் அரண்மனையையும் சேத்துப் பாக்கணும்னா திங்கக்கிழம லீவு, ஞாயித்துக்கிழம கூட்டம். சனிக்கிழம வைப்போம்.