வேட்பாளரின் செலவு நோட்டை எழுதுவது எப்படி?

சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் நண்பர் "கணக்கு உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாரா? மனு போடும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் வங்கி. மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தேர்தலுக்கென்று தனிக் கணக்கு திறக்க வேண்டும். கட்சி தரும் பணமும் வேட்பாளரின் சொந்தப் பணமும் அதில் விழுந்துதான் வெளியே போக வேண்டும். ஒருவருக்கு மொத்தத் தேர்தலுக்குமாக 10,000 ரூபாய் வரைதான் ரொக்கம். பந்தல்காரர் மீதியையும் கையிலேயே கேட்பார். காசோலைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மனுவோடு ஒரு பதிவேடு கிடைக்கும். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. மனுத்தாக்கல் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை எழுத வேண்டும். முன்பே அச்சடித்த நோட்டீஸை மனுவுக்குப் பிறகு விநியோகித்தால் அதுவும் செலவுதான்.

புதியவர்கள் சறுக்குவது பொதுக்கூட்டத்தில்தான். நீங்கள் 200 நாற்காலி என்று எழுதுவீர்கள். தேர்தல் ஆணையத்தின் வீடியோ குழு 500 நாற்காலியைப் படம் பிடித்திருக்கும். மாவட்ட நிர்வாகத்தின் விலைப்பட்டியல்படி அதற்கு விலை போட்டு நிழல் பதிவேட்டில், அதாவது உங்கள் செலவுக்கு அவர்கள் தனியே எழுதும் கணக்கில், ஏற்றிவிடுவார்கள். "தெரிந்தவர் சும்மா கொடுத்தார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. எனவே கூட்டம் கலையும் முன் நீங்களே எண்ணி, பில்லை அன்றிரவே ஒட்டிவிடுங்கள். பிரசாரக் காலத்தில் மூன்று முறை செலவினப் பார்வையாளரிடம் நோட்டைக் காட்ட வேண்டியிருக்கும்.

நட்சத்திரப் பேச்சாளரின், அதாவது கட்சி தன் பட்டியலில் பெயர் கொடுத்த முக்கியப் பிரசாரகரின், பயணச் செலவு கட்சியைச் சேரும். ஆனால் உங்கள் வேட்பாளர் அவரோடு மேடை ஏறினால், கூட்டச் செலவில் வேட்பாளரின் பங்கு உங்கள் நோட்டுக்கு வந்துவிடும். 2022-இல் உயர்த்தப்பட்ட செலவு வரம்பின்படி தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய். கட்சிக்கு வரம்பே கிடையாது! இந்த ஓரவஞ்சனை எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது பொருந்தும். தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு தகுதி நீக்கம் வரை போகலாம்.

கட்சி தன் செலவு அறிக்கையைச் சட்டமன்றத் தேர்தலுக்கு 75 நாளிலும் மக்களவைக்கு 90 நாளிலும் தரும். வேட்பாளருக்குக் கொடுத்த தொகையும் அதில் இருக்கும். உங்கள் மஞ்சள் தாளில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று, ஒப்படைக்கும் முன்பே கட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.