ஓடும் படகில் அறக்குளாவுக்குத் தூண்டில் இழுத்தல்

யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறை, மயிலிட்டிக் கரைகளிலிருந்து அறக்குளா (வஞ்சிர மீன்) பிடிக்கப் புறப்படுவோர், தூண்டிலுக்கும் நைலோன் நூலான தங்கூசிக்கும் இடையே ஒரு முழத்துக்குக் குறையாத உருக்குக் கம்பியை முதலில் கட்டிக்கொள்ள வேண்டும். கத்தரி அலகுகள்போல் பொருந்தும் அறக்குளாவின் பற்கள் வெறும் தங்கூசியை நொடியில் அறுத்துவிடும். சீவியதுபோல் வழவழப்பாக அறுந்த நுனியைக் கையில் வைத்து நான் வருந்தியிருக்கிறேன்.

இரைகளில் முழு முரல் மீனே சிறந்தது என்பது என் கருத்து. தூண்டிலின் தண்டு முரலின் வயிற்றுக்குள்ளும் முனை வெளியிலும் இருக்குமாறு கோத்து, அதன் வாயை நூலால் இறுகக் கட்ட வேண்டும். வாய் திறந்திருந்தால் நீர் புகுந்து இரை சுழலும், தங்கூசியும் முறுக்கேறிவிடும். படகோரமாகச் சிறிது தூரம் இழுத்து, இரை நேராக நீந்துவதைக் கண்ணால் கண்ட பின்னரே 30 மீற்றர் அளவுக்குப் பின்னால் விடுங்கள்.

விடியற்காலை உகந்த நேரம். மணிக்கு 3 முதல் 5 கடல் மைல் வேகம் முரலுக்குப் போதும். மீன் கொத்தியதும் இயந்திரத்தைச் சட்டென நிறுத்தினால் தங்கூசி தளர்ந்து மீன் கழன்றுவிடும். ஆகவே வேகத்தை மெல்லக் குறைத்து, அதன் முதல் ஓட்டத்துக்குத் தங்கூசியை இறுக்கம் விடாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். அதை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகில் ஏற்றிய பின் தூண்டிலைக் குறட்டால் கழற்றுங்கள். இறந்த அறக்குளாவின் பல்லும் விரலைக் கிழிக்கும்.