பழைய யூரின் டியூபை வைத்துக்கொண்டே ஆன்டிபயாடிக் போடாதீர்கள்

சிறுநீர் போக டியூப் (கதீட்டர்) போட்டிருக்கும் அப்பாவுக்கு மூன்று தடவை குளிர்ஜுரம் வந்தது, மூன்று தடவையும் ஆன்டிபயாடிக் போட்டோம், இறங்கியது, ஆனால் கோர்ஸ் முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிட்டது. நான்காம் தடவைதான் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா "டியூப் எப்போ மாத்துனீங்க?" என்று கேட்டார். மாற்றவே இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு அதை உருவினார்: நுனியில் மணல் மாதிரி பொருக்கு, உள்ளே விரலில் ஒட்டும் வழுவழுப்பு.

அந்த வழுவழுப்புதான் பயோஃபிலிம். கிருமிகள் டியூபில் ஒட்டி, கூழ் மாதிரி ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. பல்லில் படியும் ஊத்தையும் இதே வகைதான், கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். இந்தக் கூழுக்குள் இருக்கும் கிருமி, தனியாக மிதப்பதைவிட 1000 மடங்கு வரைகூட மருந்தைத் தாங்கும். ஆன்டிபயாடிக் சிறுநீரில் மிதப்பவற்றைக் கொல்லும், ஜுரம் குறையும், மருந்தை நிறுத்தியதும் டியூபிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.

அதனால் தொற்று வரும்போது டியூப் போட்டு 2 வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், முதலில் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தேவையில்லை என்றால் எடுத்தே விடலாம். கல்ச்சருக்கான, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான சிறுநீரையும் புது டியூபிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழையதில் எடுத்தால் டியூபில் குடியிருக்கும் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும், சிறுநீர் சேரும் பையிலிருந்து பிடித்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஜுரமில்லை, வலியில்லை, ஆனால் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது என்று மருந்து ஆரம்பிப்பது. டியூப் இருந்தால் தினமும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி சேரும், ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இருக்கும். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு, அறிகுறி இல்லாமல் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். ஆனால் நடுக்கம், ஜுரம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, திடீர்க் குழப்பம் வந்தால் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அப்புறம் அந்தப் பை. ஆளைத் தூக்கி உட்காரவைக்கும்போது அதை மடியில் வைத்துவிடுகிறோம், உள்ளே இருப்பது திரும்பி மேலே ஓடுகிறது. மூத்திரப்பைக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. பை காலியாக இருந்து டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிந்தால் டியூப் அடைத்திருக்கலாம், வீட்டில் ஊசி வைத்துத் தண்ணீர் தள்ளாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.