ஆராதனையில் ஆள் குறையும்போது: சுவிசேஷ ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சேகரங்களுக்கு, அதாவது ஒரே ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகளுக்கு, புதிதாக வரும் இளம் ஆயர்கள், பின் பெஞ்சுகள் காலியானதும் பதறிப்போய் நாங்கள் பழையவர்கள் செய்து சூடுபட்ட அதே காரியங்களை அதே வரிசையில் செய்கிறார்கள். ஜெபம் குறைவது, பிரசங்கம் நீளுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

காலி இடத்தைப் பின்மாற்றம் (விசுவாசத்தை விட்டு விலகுவது) என்று நினைப்பது

இங்கே ஆள் குறைய முதல் காரணம் பிழைப்பு. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். செட்டியார் வீடுகளே பூட்டிக் கிடக்கிற ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் எப்படி அப்படியே இருக்கும்? சபை ரிஜிஸ்டரை எடுத்து நாலாகப் பிரியுங்கள்: ஊரை விட்டுப் போனவர், இறந்தவர், வேறு சபைக்குப் போனவர், ஊரில் இருந்தும் வராதவர். கடைசி வகையினரை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அது மேய்ப்புப் பணி, நற்செய்தியைக் கேட்காதவர்களிடம் கொண்டுபோகிற சுவிசேஷ ஊழியம் இல்லை. இரண்டையும் கலந்தால், “முதலில் நம் ஆட்களைக் கூட்டி வருவோம், கிராமத்துக்கு அப்புறம் போகலாம்” என்று கமிட்டி முடிவெடுத்துவிடும். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. ஊழியம் நடக்கிறதா என்று தெரிய வருகைக் கணக்கு உதவாது. ஞானஸ்நானப் பதிவேட்டில், குழந்தையாக இல்லாமல் வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பெயர் கடைசியாக எப்போது ஏறியது என்று பாருங்கள்.

வருஷப் பணத்தை மூன்று ராத்திரியில் கொட்டுவது

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. ஆள் குறைந்ததும் மூப்பர் ஒருவர் எழுந்து, “ஒரு பெரிய கன்வென்ஷன் போட்டா சபை எழும்பிடும் ஐயா” என்பார். ஐயாவும் தலையாட்டிவிடுவார். அப்புறம் மேடை, எல்.இ.டி. திரை, ஜெனரேட்டர், பேச்சாளருக்கு ஏ.சி. ரூம், ஊர் முழுக்க ஃபிளெக்ஸ். சுவிசேஷக் காணிக்கை மொத்தமும் அதிலேயே போய்விடும்.

கூட்டத்துக்கு வருவது யார்? வாசலில் நின்று பாருங்கள். வேனில் வந்து இறங்குகிறவர்கள் எல்லார் கையிலும் பைபிள் இருக்கும். பக்கத்துச் சபைக்காரர்கள்தான். அடுத்த மாதம் அவர்கள் கூட்டத்துக்கு நாம் வேன் பிடிக்கிறோம். இதற்கு நற்செய்திப் பெருவிழா என்று பெயர்.

இதையும் மீறி நிஜமாகவே புதியவர்கள் வருவார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், கூட்டம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் வெஸ்டரியில், அதாவது ஆயர் அங்கி மாற்றும் அறையில், இருந்த அலமாரியைச் சுத்தம் செய்தார்கள். பழைய பாட்டுத் தாள்களுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே அந்த மூன்று ராத்திரியும் வாங்கிய ஜெபக் குறிப்பு அட்டைகள், கட்டின ரப்பர் பேண்டு கூடக் கழற்றவில்லை. ஒன்றில் கல்லல் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: “மகன் குடிக்கிறான். வீட்டுக்கு வந்து ஜெபிக்கவும்.” விலாசம் தெளிவாக இருந்தது. அதன்பிறகு நாங்கள் போனோம். “அப்பவே வருவீங்கன்னு பார்த்தேன் சார்” என்றார். காபி போட்டுக் கொடுத்தார். பேச்சு அதற்கு மேல் நகரவில்லை.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் முதலில் பள்ளிக்கூடங்களைத்தான் திறந்தார்கள். திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதில் பிறந்தவர்களின் கதை வரும். மேடைப் பேச்சை இப்படி நினைவு வைத்திருக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கன்வென்ஷன் போட்டே ஆக வேண்டுமென்றால், அட்டைகளை எந்தெந்த ஊருக்கு யார் கொண்டுபோவது என்று பெயர் எழுதிய பிறகு பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை இரண்டு பேருக்கு வருஷம் முழுக்கப் பெட்ரோலுக்குக் கொடுங்கள். ஒரே தெருவுக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆள் மாறினால் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும். ஒரே ஒரு கிறிஸ்தவ வீடு இருக்கிற ஊரில் வீட்டு ஜெபக்கூட்டத்தை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்தாவது கேட்பார்கள்.

பக்கத்துச் சபையில் ஆள் இழுப்பது

ரோமர் 15:20. மற்றவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டக் கூடாது என்று பவுல் அங்கே சொல்கிறார்.

வேலை நேரத்தில் கைப்பிரதியோடு போவது

காலையில் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் ஊரே வயலில் நிற்கும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு போங்கள், சீரியல் தொடங்குவதற்குள் எழுந்துவிடுங்கள்.

பத்து மணிக்கு மேல் மைக்

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. அடுத்த தடவை ஸ்டேஷனில் அனுமதிக்குப் போய் நிற்கப்போவது நீங்கள்தான்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்பட்டு விஷயத்தை மறைப்பது

எண்ணிக்கை குறையும்போது இந்த ஆசை தலைதூக்கும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால், 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவராக மாறுகிறவருக்கு எஸ்.சி. சலுகை கிடையாது, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில்தான் வருவார் என்று அவரை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் காலேஜ் அட்மிஷனில் அது தெரியவந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அந்தக் குடும்பம் நினைக்கும். கடன், வேலை, ஸ்கூல் சீட் என்று எதையும் காட்டிக் கூப்பிடவும் கூடாது.

கேரல் ரவுண்ட்ஸில் சபை வீடுகளுக்கு மட்டும் போவது

டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டே தெருவைக் கடக்கிறோம், நடுவில் இருக்கிற வீடுகளைத் தாண்டிக் குதித்து. ஒரு தடவை செட்டியார் வீட்டு வளவு வாசலில் நின்ற ஆச்சி ஒருவர், “ஏந்தம்பி, எங்க வீட்டுல பாட மாட்டீகளா?” என்று கேட்டேவிட்டார். பாடினோம். முறுக்கும் சீடையும் வந்தது. அந்த மாதிரி வீடுகளில் ஒரு பாட்டுப் பாடி, அவர்கள் சம்மதத்தோடு சின்னதாக ஜெபித்துவிட்டு வாருங்கள். காணிக்கைப் பையை மட்டும் அங்கே நீட்டாதீர்கள்.