போர்க்கால டீக்கனஸ் கடிதக்கட்டைப் பிரிப்பது எப்படி?

கடலூர் உப்புக்காற்று பழைய தாளுக்கு எமன். டீக்கனஸ் என்பவர் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் சேவைப் பணி செய்யும் பெண். அப்படி ஒருவரின் இரண்டாம் உலகப் போர்க்காலக் கடிதக்கட்டு கிடைத்தால் உடனே பிரிக்காதீர்கள். இருந்த வரிசையிலேயே படமெடுங்கள். குண்டூசி துருவேறித் தாளோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் கிழியும். இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை நிமிர்த்தி எடுங்கள். வெயிலில் உலர்த்தினால் மை வெளுக்கும். செலோடேப், லேமினேஷன் கூடவே கூடாது. உறையில் தணிக்கைச் சீட்டு (கடிதத்தைப் பிரித்துச் சோதித்த அதிகாரிகள் ஒட்டியது) இருந்தால் பிய்க்காதீர்கள். தேதி அழிந்த கடிதத்தின் காலத்தை ஊகிக்க அதுவும் உதவும்.

பட்டியல் எழுதும்போது ‘சகோதரி’ என்ற கையெழுத்தைப் பார்த்துக் கத்தோலிக்கக் கன்னியர் என்று குறித்துவிடுவார்கள். வழக்கமான பிழை! 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தொடங்கிய டீக்கனஸ் முறையில் கன்னியர் எடுப்பதுபோன்ற ஆயுட்கால வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கிடையாது.

அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள், விட்டால் பூஞ்சைதான்.