படர்தாமரையும் கெலெங்காங் இலையும்

பினாங்குப் புழுக்கத்தில் இடுப்பில் வட்டமாக அரிப்பு. ஓரம் தடித்து, நடுவே தெளிந்திருந்தது: படர்தாமரை. வீட்டிலிருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவினேன்; அரிப்பு அடங்கியது, வட்டம் பெருத்தது. பூஞ்சைக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன்!

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கொல்லையில் கெலெங்காங் செடி உண்டு. மஞ்சள் பூங்கொத்து மெழுகுவர்த்தி போல நிமிர்ந்திருக்கும். நம் சீமை அகத்திதான். "அரைச்சுப் போடுடா" என்றார் என் அத்தை. அதிலுள்ள கிரைசோஃபனிக் அமிலம் பூஞ்சைக்கு ஆகாது. பச்சை இலையை விழுதாக்கி, தேங்காய் எண்ணெயில் குழைத்து இரவில் தடவினேன். (பூண்டையும் வைத்துப் பார்த்தேன். தோல் வெந்ததுதான் மிச்சம்.)

பத்து நாளில் அரிப்பு தணிந்தது, வட்டம் மறையவில்லை. பார்மசியில் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு வாங்கி, ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசினேன். தடம் மறைந்த பிறகும் 2 வாரம் விடவில்லை. துண்டு, கைலி எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில்.