ராமேஸ்வரம் போகிற வழிதானே என்று குருசடைத் தீவுக்குக் கிளம்பாதீர்கள்

மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒன்றான குருசடையைப் பார்க்க நினைக்கும் மதுரைக்காரர்கள் அதைத் தனிப் பயணமாக எண்ணுவதே இல்லை. ‘ராமேஸ்வரம் போகிற வழிதானே, தரிசனம் முடித்து ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்’ என்பார்கள். மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் ஏறினாலும் பாம்பன் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீர்த்தமாடி, வரிசையில் நின்று, சாப்பாட்டையும் முடித்து, தீவுக்குப் படகு கிளம்பும் குந்துகால் துறைக்கு வந்து நின்றால் பொழுது சாய்ந்திருக்கும்.

இதை ஆடி அமாவாசையோடு முடிச்சுப்போடுவது இன்னும் மோசம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஆனி, ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் பொங்கும். வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் கதை தலைகீழ். குருசடை இருப்பது தென்கடலில். பாலத்தில் நின்று வடக்கே பார்த்து ‘கடல் அமைதியாகத்தானே இருக்கிறது’ என்று முடிவுகட்டியவர்கள் துறையில் ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முந்தைய நாளே வனத்துறையிடம் படகு உண்டா என்று கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் மாசி, பங்குனி உத்தமம்.

படகு இல்லையென்றதும் சிலர் ஏதாவது ஒரு மீனவரிடம் பேரம் பேசத் தொடங்குவார்கள். வேண்டாம். இந்தத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினால் நாம் அபராதத்தோடு வீடு திரும்பலாம். அவருக்கோ பிழைப்பே படகுதான்.

வயிறு நிறையச் சாப்பிட்டுப் படகேறாதீர்கள். என் மைத்துனர் ராமநாதபுரத்தில் நெய்ப்பொங்கலும் இரண்டு வடையும் முடித்துவிட்டு ஏறினார். பத்தாவது நிமிடம் விளிம்பைப் பிடித்தவர் கரை வரும்வரை தலை நிமிரவில்லை. உயிர்காப்புச் சட்டையின் வாரைப் படம் எடுப்பதற்காக அவிழ்ப்பதும் கூடாது.

ஆழமில்லாத இடத்தில் தெரிவதைப் பாறை என்று நினைத்து ஏறி நிற்காதீர்கள். பவளம் உயிருள்ளது, சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக இங்கே பவளத்தை வெட்டிக் குவித்தார்கள். 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிப்போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. போன முறை எங்களோடு வந்த ஒரு பாட்டியின் முந்தானை முடிச்சு கனத்துத் தொங்கியது. காவலர் அவிழ்க்கச் சொன்னார். மூன்று வெள்ளைத் துண்டுகள், பேத்தியின் மீன்தொட்டிக்காம்.

“கோயில் வாசலில் விற்கிறார்களே?” என்றார் பாட்டி.

“அதையும் வாங்காதீர்கள் அம்மா” என்று சொல்லிவிட்டுக் காவலர் கையை நீட்டினார்.